ரத்தம் எடுத்த பிறகு பொங்கல் வடை

என் மகன் போய் நான்கு வருடம் ஆகிறது. முதல் இரண்டு வருடம் கேட்டவர்களிடமெல்லாம் "நெஞ்சுவலி" என்றுதான் சொன்னோம், கூடப்பிறந்த தங்கையிடமே அப்படித்தான் சொன்னேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவனுக்கு பைபோலார். இருமுனைக் கோளாறு என்று தமிழில் எழுதுகிறார்கள். பத்தொன்பது வயதில் ஆரம்பித்தது. சில வாரம் தூக்கமே கிடையாது, ராத்திரி இரண்டு மணிக்கு என்னை எழுப்பி, பால் பண்ணை வைக்கப் போறேன், நீதான் முதலாளி என்பான். அப்புறம் மாசக்கணக்கில் போர்வைக்குள் கிடப்பான். முன்னதைத் திமிர் என்றோம், பின்னதைச் சோம்பேறித்தனம் என்றோம். வியாதி என்று சொல்ல ஒரு டாக்டர் வேண்டியிருந்தது.

லித்தியம் கொடுத்தார்கள். ரத்தத்தில் அது குறைந்தால் பலன் இல்லை, கூடினால் ஆபத்து, அதனால் அவ்வப்போது அளவு பார்க்க வேண்டும். அதுவும் கடைசி வேளை மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து. ராத்திரி எட்டுக்குப் போட்டுவிட்டு காலை எட்டுக்கு லேப் வாசலில் நிற்போம். ஆறடிப் பையன், ஊசியைக் கண்டால் என் முந்தானையைப் பிடித்துக்கொள்வான். முடிந்ததும் எதிர் ஓட்டலில் பொங்கல் வடை. வடையைச் சாம்பாரில் போட்டால் தொடமாட்டான், மொறுமொறு போய்விடுமாம்.

மூன்று வருடம் நன்றாக இருந்தான். அதான் சரியாகிவிட்டதே, இன்னும் எதற்கு மாத்திரை என்று அவனும் சொன்னான், நாங்களும் தலையாட்டினோம். லித்தியத்தைத் திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்பி வரும் வாய்ப்பு அதிகம் என்று நான் படித்துத் தெரிந்துகொண்டபோது காலம் கடந்திருந்தது. அந்தக் கடைசி மாதங்களை இங்கே எழுதப் போவதில்லை.

காலம் எல்லாவற்றையும் ஆற்றும் என்பவர்கள் மேல் எனக்கு இன்னமும் கோபம்தான். எனக்கு ஒன்றும் ஆறவில்லை. ஒரு விடியற்காலை மூன்று மணிக்குத் தாங்க முடியாமல் 14416-க்குப் போன் போட்டேன். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், 2022 அக்டோபரில் மத்திய அரசு ஆரம்பித்தது, இலவசம், எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். அன்றைக்குத்தான் அந்த உண்மையை முதல்முதலாக வாய்விட்டுச் சொன்னேன். ஒரு தடவை சொன்ன பிறகு அடுத்த தடவை அவ்வளவு கஷ்டமாக இல்லை.

அடுத்துச் சொன்னது எங்கள் தெருப் பூக்காரம்மாவிடம். "நெஞ்சுவலி இல்லம்மா, மனசு வியாதி." பூ கட்டிக்கொண்டிருந்த விரல் அப்படியே நின்றுவிட்டது. "என் பையனும் அந்த மாத்திரைதாங்க்கா சாப்பிடுறான்" என்றார். வியாபாரத்தை விட்டுவிட்டு லேபுக்கு அலைய அவரால் முடியாது, அதனால் இப்போது நான்தான் கூட்டிப்போகிறேன்.

அந்த ஓட்டல் பக்கம் மட்டும் போகாமலே இருந்தேன். போன வாரம் ரத்தம் கொடுத்துவிட்டு, பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "பசிக்குது பெரியம்மா" என்றான். சரி வா என்று உள்ளே போனோம். வடையைச் சாம்பாரில் போடவா என்று சர்வர் கேட்டார். எனக்குத் தனியாக என்றேன். பையன் மட்டும் நன்றாக முங்கப் போடச் சொன்னான்.