கேசட் டூப்ளிகேட் இல்லை, சித்தப்பா

ஏழாம் வகுப்பு விடுமுறையில் ஆரம்பித்த போகிமான் கோல்ட் என்ற வீடியோ கேமைப் போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி முடித்தேன். போகிமான் என்ற பிராணிகளைப் பிடித்து, வளர்த்து, சண்டைக்கு விடும் ஆட்டம் அது. நடுவில் இருபத்து சொச்சம் வருடம் அது பரணில் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் கிடந்தது.

2001-ல் சிங்கப்பூரிலிருந்து வந்த சித்தப்பா கையில் பிடித்து ஆடும் ஊதா நிற கேம் பாய் கலர் ஒன்றும், தங்க நிறத்தில் இந்த கேசட்டும் வாங்கி வந்தார். முந்தைய போகிமான் ரெட் பக்கத்து வீட்டு அண்ணனிடம் இருந்தது. அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்ததோடு சரி, கை வைக்க விடமாட்டார். கோல்ட் அதன் அடுத்த பாகம். முதல் கதை முடிந்து மூன்று வருடம் கழித்து, ஜோட்டோ என்ற புதுப் பிரதேசத்தில் நடக்கிறது. ஜிம் என்ற சண்டைக்கூடங்களின் தலைவர்களான எட்டு ஜிம் லீடர்களை ஜெயித்து எட்டு பேட்ஜ் வாங்கினால்தான் லீக் என்ற கடைசிப் போட்டிக்குள் நுழைய முடியும்.

நான் தமிழ் மீடியம். திரையில் ஆங்கிலம் வந்தால் 'ஏ' பட்டனை விடாமல் அழுத்துவேன். யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் கணக்கிலேயே இல்லை. முதலில் கொடுத்த சின்டாக்வில் என்ற நெருப்பு வகைப் போகிமானை மட்டும் வளர்த்து, அது டைஃப்லோஷனாக உருமாறியதும் எதிரில் வந்தவர்களை எல்லாம் அடித்துக்கொண்டே போனேன். அப்படியே எட்டாவது ஜிம் இருக்கும் ஊரான பிளாக்தார்ன் வரை போய்விட்டேன். அங்கே லீடர் க்ளேர். அவளுடைய கிங்ட்ரா தண்ணீரும் டிராகனும் கலந்தது, நெருப்பு அதற்கு உறைக்கவே உறைக்காது. லெவல் பலத்தை மட்டுமே வைத்து ஒரு வாரம் மோதி ஜெயித்தேன். ஜெயித்த பிறகும் அவள் பேட்ஜைக் கொடுக்கவில்லை.

திரும்பப் பேசினேன். அதே வரிகள். வெளியே போய்விட்டு வந்து பேசினேன். அப்போதும் அதேதான். இப்படிச் செய்ததற்கு ஒரு காரணம் உண்டு. மூன்றாவது லீடர் விட்னி தோற்றதும் அழ ஆரம்பித்துவிடுவாள். கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி வந்து பேசினால்தான் பேட்ஜ் தருவாள். க்ளேரும் அப்படித்தான் என்று நினைத்து உள்ளேயும் வெளியேயும் நடந்துகொண்டே இருந்தேன். அந்த பேட்ஜ் இல்லாமல் அருவி ஏற முடியாது, அருவி ஏறாமல் லீகுக்குப் போக வழியும் இல்லை. பக்கத்து வீட்டு அண்ணன் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது டூப்ளிகேட் கேசட்டுடா" என்று தீர்ப்புச் சொன்னார். அதை அப்படியே போனில் சித்தப்பாவிடம் ஒப்பித்தேன். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று அவர் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அம்மா டின்னை எடுத்துக் கொடுத்தார். கேம் பாய்க்குள் விட்டுவைத்திருந்த இரண்டு பென்சில் பேட்டரியும் ஒழுகி, கம்பிச் சுருள் பச்சை பூத்திருந்தது. வினிகரில் நனைத்த காது குடையும் பஞ்சால் தேய்த்தேன். மூன்றாவது தடவை தேய்த்ததும் சிவப்பு விளக்கு எரிந்தது. 'கன்டினியூ' என்ற வரி இல்லை. 'நியூ கேம்' மட்டும்தான். எதிர்பார்த்ததுதான். இந்த கேசட்டில் சேவ் நிற்பது உள்ளே இருக்கும் ஒரு காசு பேட்டரியால். கோல்டில் நிஜ நேரத்துக்கு ஓடும் கடிகாரமும் இருக்கிறது, அதற்கும் கரண்ட் அந்த பேட்டரியிலிருந்துதான். அதனால் கடிகாரம் இல்லாத ரெட்டை விட இதில் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும்.

பேட்டரியை மாற்றுவது பெரிய வித்தை இல்லை, திறப்பதுதான் பாடு. கேசட்டில் இருப்பது 3.8 மில்லிமீட்டர் விசேஷத் திருகாணி, சாதாரண ஸ்க்ரூடிரைவர் நுழையாது. பழைய பேனா ஒன்றின் பிளாஸ்டிக் முனையைச் சூடாக்கி, இளகியதும் திருகாணித் தலையில் அழுத்தி, ஆற விட்டுத் திருகினேன். முதல் பேனா முறுக்கிக்கொண்டது, இரண்டாவதில் கழன்றது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் சிஆர்2032 என்ற காசு பேட்டரியை, ஈயம் வைக்கக் காதுபோல் தகடு ஒட்டியதாகக் கேட்டு வாங்கியிருந்தேன். தகடு இல்லாத பேட்டரியில் நேரடியாகச் சால்டரிங் வைக்கக் கூடாது, சூட்டில் வெடிக்கலாம். பழையதை மீட்டரில் பார்த்தேன், அரை வோல்ட்கூட இல்லை. பிளஸ், மைனஸ் இரண்டு தடவை சரிபார்த்து ஈயம் வைத்தேன். அப்போதுதான் பச்சைப் பலகையில் 'நின்டெண்டோ' என்று கம்பெனிப் பெயர் அச்சடித்திருந்ததைப் பார்த்தேன். ஒரிஜினல் மாதிரிதான் தெரிந்தது. ஆனால் பேட்ஜ் கதை மனதில் இருந்ததால் முழுதாக நம்பவில்லை.

பழைய கேமை கம்ப்யூட்டரிலேயே ஓட்டும் எமுலேட்டரில் ஆடியிருக்கலாமே என்று நண்பன் கேட்டான். 2009-ல் இதையே புதுப்பித்து ஹார்ட்கோல்டாகவும் விட்டார்கள். நான் மாட்டிக்கொண்டது இந்த கேசட்டில். இதிலேயே முடிக்க வேண்டும் என்று வீம்பு.

இந்தத் தடவை ஒரே விதி: ஒவ்வொரு வரியையும் படிப்பது. முதல் நாளே பலன் தெரிந்தது. மகனுடைய பரிசுப் பணத்தில் ஒரு பங்கை எடுத்து வைக்கட்டுமா என்று கதையில் வரும் அம்மா கேட்கிறார். சின்ன வயதில் என்னவென்றே தெரியாமல் சரி சொல்லியிருக்கிறேன். அந்தப் பணத்தில் அவர் நம்மைக் கேட்காமல் பொம்மை, பழமெல்லாம் வாங்கி அனுப்புவார். எங்கள் அம்மாவும் என் பொங்கல் காசை இப்படித்தான் பத்திரப்படுத்துவார்.

மூன்றாவது வாரம் விட்னி. அவளுடைய மில்டேங்க் உருண்டு வந்து இடிக்கும், ஒவ்வொரு முறைக்கும் அடியின் பலம் இரட்டிப்பாகும். உடம்பு குறைந்தால் பாலைக் குடித்துத் தேறிக்கொள்ளும். அதே ஊர் டிபார்ட்மென்ட் ஸ்டோரில், டிரௌசி என்ற போகிமானைக் கொடுத்தால் பதிலுக்கு மச்சாப் என்ற போகிமானைத் தருகிறேன் என்று ஒருவர் நிற்கிறார். மில்டேங்குக்கு ஆகாதது மச்சாப்பின் சண்டை வகை அடிதான். ஊருக்கு வெளியே புல்லில் டிரௌசி கிடைக்கிறது. பிடித்துக் கொடுத்தேன், ஒரே ஆட்டத்தில் முடிந்தது. 2001-ல் இதற்கு எனக்கு ஒன்பது நாள் ஆனது.

அதற்கப்புறம் வேகம் குறைந்தது. வெள்ளிக்கிழமை மட்டும் யூனியன் குகையின் அடித்தளத்தில் லாப்ரஸ் என்ற தண்ணீர், பனி வகைப் போகிமான் வரும். முதல் வெள்ளி மீட்டிங். அடுத்த வெள்ளி வீட்டில் விருந்தாளி. கேசட்டுக்குள் கடிகாரத்தை மாற்றிவிடலாம்தான், ஆனால் ஈயம் வைத்து உயிர் கொடுத்த கடிகாரத்திடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. மூன்றாவது வெள்ளி காலை, மின்சார ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து பிடித்தேன். இந்தத் திரைக்குப் பின்விளக்கு கிடையாது. வெயில் படாவிட்டால் ஒன்றும் தெரியாது.

பிளாக்தார்னுக்கு முன்னால் பனிக்குகை. ஒரு அடி வைத்தால் எதிர்ச்சுவர் வரை வழுக்கிக்கொண்டு போகும் தரை. ரூல் போட்ட தாளில் வரைபடம் போட்டுத்தான் வெளியே வந்தேன்.

க்ளேரை நேரில் பார்த்தபோது உண்மையிலேயே கை வியர்த்தது. இந்தத் தடவை என்னிடம் ஆறு போகிமான்கள் இருந்தார்கள், எல்லாரும் முப்பத்தைந்தைத் தாண்டிய லெவல். கிங்ட்ரா விழுந்தது. அவள் பேசினாள், நான் படித்தேன். தோற்றாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன், உனக்கு இன்னும் தகுதி வரவில்லை. ஜிம்முக்குப் பின்னால் டிராகன் குகை இருக்கிறது, அதன் நடுவில் ஒரு சின்னக் கோவில் இருக்கிறது, அங்கே போ. அவ்வளவுதான் விஷயம்.

பின்னால் இருந்த குளத்தைத் தாண்டி, குகைக்குள் சுழலைக் கடந்து, கோவில் வாசலில் கிடந்த டிராகன் பல்லை எடுத்ததும் அவளே வந்து பேட்ஜைக் கொடுத்தாள். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அன்றைக்கு நான் ஜிம் வாசலில் நடந்த நடையில் நூறில் ஒரு பங்கு பின்பக்கம் நடந்திருந்தால் போதும்.

உடனே சித்தப்பாவுக்கு போன் போட்டேன். இப்போது தஞ்சாவூரில் ஓய்வில் இருக்கிறார்.

"சித்தப்பா, அந்த கேசட் டூப்ளிகேட் இல்லை. நான்தான் சரியா படிக்கலை."

"எந்த கேசட்டு?"

சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"ஏண்டா, அந்தக் கடைக்காரனை நான் எத்தனை நாள் திட்டியிருக்கேன் தெரியுமா?"

லீகில் கடைசி ஆள் லேன்ஸ். அவனிடம் மூன்று டிராகனைட், இரண்டு 47 லெவல், ஒன்று 50. ஆனால் டிராகனேர் டிராகனைட்டாக மாறுவதே 55-ல்தான். சாம்பியனே இப்படிக் கள்ளாட்டம் ஆடுகிறான்! லாப்ரஸின் பனிக்கதிர் டிராகனைட் மேல் நாலு மடங்கு விழும். மூன்று வெள்ளி காத்திருந்தது வீண் போகவில்லை.

எழுத்துகள் ஓடின. ஆனால் ஆட்டம் முடியவில்லை. பெயர் போட்ட பிறகு கப்பல் ஏறினால், பழைய ஆட்டம் நடந்த கான்டோ பிரதேசம் முழுக்க இன்னும் எட்டு பேட்ஜோடு காத்திருக்கிறது. அண்ணனின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்த ஊர்களில் இப்போது நானே நடந்தேன். சின்னபார் தீவு எரிமலையில் போய்விட்டது, லாவெண்டரின் கோபுரம் ரேடியோ நிலையமாகிவிட்டது. உண்மையைச் சொன்னால் கான்டோ கொஞ்சம் சப்பென்றுதான் இருந்தது. லீடர்களை வரிசையாக அடித்துவிட்டுப் போகலாம். ஒரு வாரத்தில் எட்டும் கைக்கு வந்தது. கடைசி லீடர் ப்ளூவின் பெரிய ஆள் 58 லெவல்.

சில்வர் மலை உச்சியில் ரெட் நிற்கிறான், முதல் ஆட்டத்தில் அண்ணன் ஆடிய அதே பையன். அவனுடைய பிகாச்சு 81 லெவல். 58-லிருந்து 81-க்கு நடுவில் படியே இல்லை, ஏணியை எடுத்துவிட்டார்கள். தெரியாத்தனமாக, மின்சாரம் ஆகாத என் சிவப்பு கியாரடோஸை முதலில் இறக்கினேன். ஒரே மின்னல், காலி. பத்து நிமிடத்தில் ஆறு பேரும் காலி.

அப்புறம் ஐந்து வாரம் லீகையே திரும்பத் திரும்ப ஆடினேன். ஒரு சுற்றுக்கு 26 போகிமான், கிட்டத்தட்ட அரை மணி நேரம். அந்த அலுப்பை நல்ல வார்த்தையில் சொல்ல முடியாது. காய்கறி நறுக்கிக்கொண்டே கட்டைவிரலால் ஆடுவதாக மனைவி கேலி செய்தாள், அது முழுப் பொய்யும் இல்லை.

போன ஞாயிறு, என் ஆட்கள் 68-ஐ ஒட்டி. முதலில் குவாக்ஸயர், அதன் மேல் மின்சாரம் ஏறாது. பிகாச்சு அதன் இரண்டு 'நிலநடுக்க' அடியில் விழுந்தது. வீனஸார் தன் அடிக்காக வெயிலை வரவழைத்தது. வெயிலில் நெருப்புக்கும் பலம் கூடும், டைஃப்லோஷன் பார்த்துக்கொண்டது. ஸ்நார்லாக்ஸ் நடுவில் படுத்துத் தூங்கி உடம்பைத் தேற்றிக்கொள்ள, மச்சாப் உருமாறிய மச்சோக்கை வைத்துப் பதினொரு ரவுண்டு இழுத்தேன். தண்ணீரும் நெருப்புமாக மிச்சமிருந்த பிளாஸ்டாய்ஸ், சாரிஸார்ட் இரண்டையும் ஆம்ஃபராஸ் முடித்தது.

ரெட் என்ன சொல்லப்போகிறான் என்று பட்டனிலிருந்து விரலை எடுத்துவிட்டுக் காத்திருந்தேன். வந்தது வெறும் புள்ளிகள். சண்டைக்கு முன்னால் பேசினபோதும் அதே புள்ளிகள்தான். படிக்க ஒரு எழுத்தும் வைக்காமல் திரை கறுத்து, அவன் மறைந்துபோனான்.

மறுபடி பெயர்கள் ஓடி முடிந்து, சில்வர் மலையடிவாரத்தில் கொண்டுவந்து விட்டது. ஆட்டத்துக்குள் கடிகாரம் காட்டும் கருவியான போக்கிகியரைத் திறந்தேன், ராத்திரி 11:34. எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தில் 11:31. போனை எடுத்துப் பார்த்தேன், போக்கிகியர்தான் சரி. சேவ் செய்துவிட்டு, பென்சில் பேட்டரி இரண்டையும் மறக்காமல் கழற்றி வைத்தேன்.