எமனை முதலில் கும்பிடும் கோயில்: ஸ்ரீவாஞ்சியத்தில் நாங்கள் இருவரும்

என் கணவருக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தபோதே அது கல்லீரலுக்கும் பரவியிருந்தது. கீமோ கொடுத்தால் சில மாதங்கள் கூடுதலாகக் கிடைக்கலாம், குணமாகும் என்று சொல்ல முடியாது என்று டாக்டர் அவரிடமே சொல்லிவிட்டார். கீமோவும் எடுத்துப் பார்த்தோம். உடம்பு தாங்கவில்லை. "போதும்மா, இனிமே வலி இல்லாம இருந்தா சரி" என்றார். அதற்கு அப்புறம் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு கோயிலைச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

நோய் தீர வைத்தீஸ்வரன் கோயில். ஆயுள் கூட திருக்கடையூர். எல்லாம் அன்பில் சொன்னதுதான். திருக்கடையூரில்தான் எங்கள் அறுபதாம் கல்யாணம் நடந்தது. மார்க்கண்டேயனுக்காக எமனைக் காலால் உதைத்த காலசம்ஹாரமூர்த்தியை அன்று கண் நிறையப் பார்த்திருந்தோம். இந்த முறை அவர் கேட்டது வேறு. "எமனை உதைச்ச ஊருக்குத்தான் போயிட்டு வந்தாச்சே. எமனுக்கே நிம்மதி கிடைச்ச ஊருக்குப் போவோம், ஸ்ரீவாஞ்சியத்துக்கு."

அந்தத் தலத்தின் கதை அவருக்கு அவருடைய பாட்டி சொன்னது. உயிர்களை எடுக்கிற வேலை எமனுடையது. உலகமே அவனைப் பார்த்து நடுங்குகிறது, திட்டுகிறது. அந்தப் பாவமும் பழியும் தாங்க முடியாமல் எமன் இங்கே வந்து தவம் இருக்கிறான். மாசி மாதம் பரணி நட்சத்திரத்தில் சிவன் காட்சி கொடுத்து, அவனைத் தன் கோயிலுக்கே க்ஷேத்திரபாலகனாக, அதாவது காவல் தெய்வமாக, ஆக்கிக்கொள்கிறார். இங்கே வந்து கும்பிடுகிறவர்களுக்கு எம பயம் இருக்காது என்ற வரமும் அப்போது கொடுத்ததுதான். மாசித் திருவிழாவில் சுவாமி எமனையே வாகனமாகக் கொண்டு வீதி உலா வருகிறார். திருக்கடையூரில் காலடியில் விழுந்தவன் இங்கே தோளில் சுமக்கிறான். இதை அவர் சொல்லும்போது முகத்தில் வெகு நாளைக்குப் பிறகு ஒரு தெளிவு வந்தது. நான் உடனே சரி என்றேன்.

கிளம்புவதற்கு முன் வலி சிகிச்சை டாக்டரைப் பார்த்தோம். கடுமையான வலிக்குக் கொடுக்கிற மார்ஃபின் மாத்திரை என்றாலே முடிவு வந்துவிட்டது என்று உறவில் சிலர் பயமுறுத்தியிருந்தார்கள். அப்படி இல்லை. வலி வந்த பிறகு துரத்தாமல், நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை தவறாமல் கொடுத்துக்கொண்டே வந்தால் வலி தலைதூக்காது. மலச்சிக்கல் வரும் என்பதால் அதற்கும் சேர்த்தே மருந்து தருவார்கள். அந்த மாத்திரை இல்லையென்றால் அவரால் காரில் உட்கார்ந்தே இருக்க முடியாது. எங்களுக்கு அதுவும் ஈஸ்வரன் அனுக்கிரகம்தான்.

தை மாதம். கும்பகோணத்தில் இரவு தங்கி, காலையில் நாச்சியார்கோவில், குடவாசல் வழியாகப் போனோம். வழியெல்லாம் சம்பா அறுவடை. நன்னிலம் போகிற சாலையில் அச்சுதமங்கலத்தில் திரும்பினால் கோயில் பக்கம்தான்.

ராஜகோபுரத்தைத் தாண்டி உள்ளே போனதும் குப்த கங்கை தீர்த்தம். ஜனங்கள் கரைத்துவிட்டுப் போன பாவம் தீர கங்கையே தன் ஆயிரம் பங்கில் ஒரு பங்கைக் காசியில் விட்டுவிட்டு, மீதியோடு இங்கே வந்து மறைந்திருக்கிறாள் என்பது ஐதீகம். கார்த்திகை ஞாயிறுகளில் அங்கே நீராடக் கூட்டம் வரும். அவரால் படி இறங்க முடியாது. நான் இறங்கி, சொம்பில் தீர்த்தம் எடுத்து வந்து அவர் தலையில் தெளித்தேன். கீமோவில் கொட்டிப்போய் அப்போதுதான் முளைத்திருந்த முடி. தண்ணீர் பட்டதும் சின்னப் பிள்ளை மாதிரி கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

அப்புறம் எமன் சன்னதி. மூலவர் வாஞ்சிநாதரைப் பார்ப்பதற்கு முன்பு எமனைக் கும்பிட வேண்டும் என்பது இந்தக் கோயிலின் முறை. பக்கத்தில் சித்திரகுப்தன். நான் ஓர் அடி பின்னால்தான் நின்றேன். கை கூப்ப வரவில்லை. என் வீட்டுக்கு வரப்போகிறவன் அவன்தானே? அர்ச்சகர் கவனித்திருக்க வேண்டும். "பக்கத்துல வாங்கோம்மா, இங்கே அவர் சாந்தமா இருக்கார்" என்றார். இவரோ கைத்தடியை என்னிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்று பிறகு கேட்டேன். "அவருக்கும் கஷ்டமான வேலைதான். வரும்போது இவளைப் பயமுறுத்தாம வாங்கன்னு சொன்னேன்" என்றார்.

வாஞ்சிநாதரையும் மங்களாம்பிகையையும் தரிசித்துவிட்டுப் பிரகாரத்தில் உட்கார்ந்தோம். மருந்துக்கு நேரமாகியிருந்தது. மாத்திரை கொடுத்தேன். மூவர் பாடிய தலம். அவருக்கு அப்பரின் 'நாமார்க்கும் குடியல்லோம் நமனை அஞ்சோம்' ஞாபகம் வந்து (நமன் என்றால் எமன்தான்), மூச்சு வாங்க வாங்க அந்த வரியை மட்டும் சொன்னார். மற்ற ஊர்களில் சாவு விழுந்தால் கோயில் நடையைச் சாத்துவார்கள், இந்த ஊரில் சாத்துவதில்லை என்று அங்கே இருந்த ஒரு பெரியவர் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் நாங்கள் அதுவரை பேசாததை எல்லாம் பேசினோம். பிள்ளைகளுக்குப் பயந்து, ஒருவருக்கொருவர் பயந்து தள்ளிப் போட்ட பேச்சு. ஐசியூ வேண்டாம், குழாய் வேண்டாம், வீட்டில் இருக்க வேண்டும் என்றார். பேங்க் விஷயம் எங்கே எழுதி வைத்திருக்கிறார் என்று சொன்னார். நான் யாரோடு இருப்பது என்பதைப் பிள்ளைகள் முடிவு செய்யக் கூடாது, நீதான் முடிவு செய்ய வேண்டும் என்றார். நான் அழுதேன். அவரும்தான். அந்த அழுகையில் பயம் இல்லை.

காசிக்குச் சமம் என்று காவிரிக் கரையில் ஆறு தலங்களைச் சொல்வார்கள், ஸ்ரீவாஞ்சியம் அதில் ஒன்று. காசியில் உயிர் பிரிகிறவரின் காதில் விஸ்வநாதரே மந்திரம் ஓதுவார் என்பது நம்பிக்கை. அதை நினைத்துத்தான் அவர் சொன்னார்: "அங்கேயும் இருக்க முடியாது, இங்கேயும் இருக்க முடியாது. அந்த வேலையை நீ பண்ணு."

சித்திரையில், வீட்டில், விடியற்காலையில் போனார். நர்ஸ் வந்து வலிக்கு மருந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தார். மூச்சு விட்டு விட்டு வந்தது. வலது காதில் நமசிவாய என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். என் குரல் நடுங்கவில்லை. அந்தத் தெம்பு எனக்கு எமன் சன்னதியில் கிடைத்தது, வேறு எங்கும் இல்லை.

உடம்பு முடியாதவரை அழைத்துக்கொண்டு போகிறவர்களுக்காக இதையும் எழுதுகிறேன். கார்த்திகை ஞாயிறும் மாசித் திருவிழாவும் கூட்டம் நிறைந்த நாட்கள், சாதாரண நாளில் காலையில் போங்கள். மருந்து நேரத்தை டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், வழியில் வலி கூடினால் என்ன கொடுப்பது என்பதையும் சேர்த்து. தீர்த்தக் கரையில் படி வழுக்கும், நோயாளியை இறக்க வேண்டாம், தலையில் தெளித்தால் போதும். பிரகாரத்தில் உட்கார ஒரு மடக்கு நாற்காலி எடுத்துப் போங்கள். அங்கே அவசரப்படாமல் உட்கார்ந்து பேச நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள், கூட வருகிறவர்களைக் கொஞ்சம் தள்ளி இருக்கச் சொல்லிவிட்டு.