ஐஸ்லாந்தில் தனியாகக் கார் ஓட்டியது

தனியாகக் கார் ஓட்டிப் போகிறவருக்குப் பக்கத்து சீட்டில் ஆள் இல்லை. மேப் பார்த்து வழி சொல்லவும், ‘மெதுவா போ’ என்று எச்சரிக்கவும், ‘இன்னிக்கு வேண்டாம், இங்கேயே தங்கிடலாம்’ என்று தடுக்கவும் யாரும் கிடையாது. ஐஸ்லாந்தின் தென்கடற்கரையில் செப்டம்பர் கடைசியில் ஓட்டியபோது, அந்த ஆளின் வேலைகளில் பெரும்பாலானவற்றைச் சாவியைத் திருகும் முன்பே நாமே செய்துவிடலாம் என்று கண்டுகொண்டேன். தனியாகக் கிளம்பத் தயங்குகிற பெண்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஊரிலேயே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் வாங்கிவிட்டேன். கட்டணம் 1,000 ரூபாய், ஓராண்டு செல்லும். ஒரிஜினல் லைசென்ஸும் கையில் இருக்க வேண்டும். ஓட்டுகிறவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும். அதில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவைத்து, பின் நம்பரையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஆளில்லாத பெட்ரோல் பங்க்குகளில் பெரும்பாலும் அந்த நம்பரைக் கேட்கும்.

கெப்லாவிக் விமான நிலையத்தில் வண்டி எடுக்கும்போது அதிக நேரம் போனது இன்சூரன்ஸுக்குத்தான், போகவும் வேண்டும். சாதாரண இன்சூரன்ஸில் கண்ணாடியில் கல் தெறிப்பதும், மணற்புயல் பெயின்ட்டை அரிப்பதும் பெரும்பாலும் சேராது. காற்றில் கதவு பின்பக்கம் மடங்கிப் போனால் அந்தச் செலவும் பொதுவாக நம் தலையில்தான். கல்லுக்கும் மணலுக்கும் தனிக் காப்பீடு எடுத்தேன். கதவுக்குக் காப்பீடு என் கைதான்: காற்றை எதிர்நோக்கி வண்டியை நிறுத்தி, ஒரு கையால் கதவை இறுகப் பிடித்துக்கொண்டே இறங்குவேன். கிளம்பும் முன் நான்கு பக்கமும், சக்கர விளிம்பும், முன்கண்ணாடியும் வீடியோவில் ஏறின.

வலப்பக்கம் ஓட்டுவதை நினைத்துப் பயப்படுகிறவர்களுக்கு எனக்கு உதவிய ஒரே விதியைச் சொல்கிறேன். நம் ஊரிலும் சரி, அங்கேயும் சரி, சாலையின் நடுக்கோடு ஓட்டுநர் உட்காரும் பக்கம்தான் இருக்கும். திரும்பும் ஒவ்வொரு முறையும் ‘கோடு என் பக்கம்’ என்று வாய்விட்டே சொன்னேன். ஆட்டோமேட்டிக் வண்டி எடுத்ததால் கியர் குழப்பம் இல்லை. இரண்டு லேன் ரவுண்டானாவில் மட்டும் கவனம் தேவை: வெளியேறும்போது உள் லேனில் வருகிறவருக்கே அங்கே முன்னுரிமை. எதிரும் புதிருமாக வந்தாலும் ஒரு நேரத்தில் ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய குறுகிய பாலங்களில், முதலில் பாலத்தை நெருங்கியவருக்கு மற்றவர் வழிவிடுகிறார். தார்ச்சாலையில் ஊருக்கு வெளியே உச்சவேகம் 90 கிலோமீட்டர், ஜல்லிச்சாலையில் 80. பகலிலும் ஹெட்லைட் எரிந்தே ஆக வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிது காற்று. தினமும் காலையில் காபிக்கு முன் இரண்டு தளங்களைப் பார்ப்பேன்: வானிலைக்கு வெதூர், சாலை நிலைமைக்கு உம்ஃபெர்தின். காற்று நொடிக்கு எத்தனை மீட்டர் என்று போட்டிருக்கும். 20 என்றால் மணிக்கு 72 கிலோமீட்டர். சின்ன வண்டியைப் பக்கவாட்டில் தள்ள அது போதும். வீக் ஊரைத் தாண்டி க்ளௌஸ்தூரில் தங்கியிருந்தபோது, கிழக்கே ஸ்கெய்தாராசாந்தூரில் பலத்த காற்று என்று மஞ்சள் எச்சரிக்கை வந்தது. பனியாறுகள் கொண்டுவந்து கொட்டிய கறுப்பு மணல் சமவெளி அது. ஒதுங்க ஒரு மரம்கூடக் கிடையாது. அதற்கும் அப்பால், பனிக்கட்டிகள் மிதக்கும் யோகுல்சார்லோன் ஏரியில் படகுக்கு முன்பதிவு செய்திருந்தேன். விடுதி நடத்தும் அம்மாவிடம் கேட்டேன். சன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு, “நாளைக்குப் போ” என்றார். படகுப் பணத்தைவிட அந்த வார்த்தை பெரிதாகப்பட்டது. தங்கிவிட்டேன். தனியாகப் போகிறவர்கள் ஒரு நாளையாவது இப்படிக் கையிருப்பாக வைத்துக்கொண்டுதான் திட்டம் போட வேண்டும் என்று அழுத்திச் சொல்வேன்.

மறுநாள் அதே சாலை அமைதியாக இருந்தது. வழியோரம் முறுக்கிக்கொண்டு கிடக்கும் இரும்பு உத்திரங்களைப் பார்த்தேன். 1996-ல் வாட்னாயோகுல் என்ற பெரும் பனியாற்றுக்கு அடியில் எரிமலை வெடித்து, பனி உருகி வந்த வெள்ளம் அடித்துச்சென்ற பாலத்தின் மிச்சம் அவை. 1974-ல் இந்த மணல்வெளியில் பாலங்கள் கட்டிய பிறகுதான் நாட்டைச் சுற்றும் ஒன்றாம் எண் சாலையே முழு வட்டமானது. அதை நினைத்துக்கொண்டே ஓட்டியதில் அந்த நேர்ச்சாலைமேல் எனக்குப் பெரிய மரியாதை வந்துவிட்டது.

ஊர்களுக்கு இடையே தூரம் அதிகம் என்பதால் டேங்க் பாதியானதும் நிரப்பிவிடுவேன். அருவிகளின் வாகன நிறுத்தங்களில் கேமரா நம்பர் பிளேட்டைப் படிக்கும். கட்டணத்தை ஆப்பில் அன்றே கட்டிவிடுங்கள். விட்டால் வாடகை நிறுவனம் தன் சேவைக் கட்டணத்தையும் சேர்த்துக் கார்டில் எடுக்கும். வண்டியை ஒப்படைக்கும்போது டேங்க் நிரப்பிய ரசீதையும் மீண்டும் ஒரு வீடியோவையும் வைத்துக்கொண்டேன். வாடகை நிறுவனம் கார்டில் முடக்கிவைத்திருந்த டெபாசிட் ஊர் திரும்பியபின் முழுதாக விடுபட்டது.