தன்னைத்தானே உயர்த்தும் கிரேன்
காலையில் பால் வாங்கப் போனவன் அரை மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். பக்கத்து சைட்டில் டவர் கிரேன் தன்னைத்தானே உயர்த்திக்கொண்டிருந்தது!

கோபுரத்தைச் சுற்றி ஒரு இரும்புக் கூடு. அதிலுள்ள ஹைட்ராலிக் ஜாக் (எண்ணெய் அழுத்தத்தில் தூக்கும் கருவி), கேபின் உட்பட மேல்பாதி முழுவதையும் மெல்லத் தூக்குகிறது. திறக்கும் இடைவெளியில் புதிய கோபுரத் துண்டைத் தள்ளி போல்ட் போடுகிறார்கள். அந்த நேரம் கிரேனின் கையைத் திருப்பவே கூடாது. கொக்கியில் ஒரு எடையை மாட்டி, கொக்கியைத் தாங்கிக் கையின் நீளத்தில் ஓடும் டிராலியை நகர்த்தி, பின்னால் இருக்கும் கான்கிரீட் கட்டைகளுக்குச் சமமாக நிறுத்துகிறார்கள். அந்த ஆட்களின் பொறுமைக்குக் கும்பிடு போடலாம்.

அப்புறம், அன்றாட வேலை முடிந்ததும், கை திரும்பாமல் பிடித்து வைக்கும் பிரேக்கை விடுவித்துவிடுவார்களாம். காற்றடிக்கும் போக்கில் கை தானே திரும்பி, கோபுரத்தின் மேல் விழும் அழுத்தம் குறையும். ராத்திரியில் ஆளில்லாமல் அது சுற்றுவதைப் பார்த்துப் பயந்த மகளிடம் இன்று சொல்ல வேண்டும்.