காற்று நின்ற மாதத்தில் கூடங்குளம்

நாகர்கோவிலில் காலை பஸ் பிடித்தேன். ஆரல்வாய்மொழி தாண்டியதும் சாலையின் இரண்டு பக்கமும் காற்றாலைகள். போன ஆடியில் இதே வழியில் வந்தபோது ஜன்னலைத் திறக்க முடியவில்லை, அப்படி ஒரு காற்று. இது மார்ச். முப்பந்தலில் கண்ணுக்கெட்டிய வரை முக்கால்வாசி காற்றாலைகள் அசையாமல் நின்றன. 2070க்குள் நிகர பூஜ்ஜிய உமிழ்வு, அதாவது காற்றில் விடுகிற கரியமில வாயு உறிஞ்சப்படுவதைத் தாண்டாத நிலை, என்று 2021இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் இந்தியா அறிவித்தது. காற்றில்லாத மாதத்து ராத்திரிகளுக்கு இன்றைக்கும் நிலக்கரியைத்தான் எரிக்கிறோம்.

ராதாபுரம் வழியாகக் கூடங்குளம் போய், அங்கிருந்து இடிந்தகரை. அணுமின் நிலையத்துக்குள் நினைத்தபோது போய்விட முடியாது. ஆனால் இடிந்தகரை கடற்கரையில் நின்றால் அந்தக் குவிமாடங்கள் நன்றாகவே தெரியும். ஓடுகிற இரண்டு உலைகளும் தலைக்கு 1,000 மெகாவாட். தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் ஐந்து யூனிட்டும் சேர்ந்தே 1,050தான். அங்கே கப்பல் கப்பலாக நிலக்கரி வேண்டும். இங்கே ஒருமுறை எரிபொருள் மாற்றினால் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடும், புகையும் இல்லை. 3 முதல் 6 வரையிலான உலைகளையும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நாடு முழுவதும் சேர்த்துச் சுமார் 9,000 மெகாவாட்டாக இருக்கும் அணுமின் திறனை 2047க்குள் ஒரு லட்சமாக்குவது அரசின் இலக்கு. அது வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன். அந்த நினைப்போடுதான் லூர்து மாதா கோயில் முன்னால் போய் நின்றேன்.

2011இல் இந்த அணுமின் நிலையத்தை எதிர்த்துப் பந்தல் போட்டு ஊரே உண்ணாவிரதம் உட்கார்ந்த இடம் அது. ஆயிரக்கணக்கானவர்கள் மேல் வழக்கு, அதில் தேசத்துரோக வழக்கும் உண்டு. மீன் பிடித்துப் பிழைக்கிறவர்கள் மேல் அந்தப் பிரிவைப் போட்டதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

கோயில் நிழலில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். பந்தலில் நாள் கணக்காக இருந்தவராம்.

"கரண்டு வேண்டாம்னு நாங்க சொல்லல தம்பி. எரிச்சு முடிச்ச கழிவ எங்க கொண்டு வைப்பாங்கன்னு கேட்டோம். மீன்பாடு என்னாகும்னு கேட்டோம்."

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். எரிந்த எரிபொருளை உலைக்குப் பக்கத்திலேயே தண்ணீர்த் தொட்டியில் வருஷக்கணக்கில் குளிர வைப்பார்கள் அம்மா, 2004 சுனாமியில் கல்பாக்கம் உலை பத்திரமாக நின்றது என்றேன். பொறுமையாகக் கேட்டார்.

"சரி தம்பி, குளிர்ந்த பெறவு?"

அதற்கு ஒரு நிரந்தர இடம் இந்தியாவில் இன்னும் இல்லை. அதை அவரிடம் மறைக்காமல் சொன்னேன். அடுத்த நான்கு உலைகள் ஓடத் தொடங்கும் முன், பொறுப்பில் இருப்பவர்கள் இதே கோயில் வாசலில் உட்கார்ந்து, தமிழில், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அணுமின்சாரம் வேண்டும் என்கிற நான்தான் அதை முதலில் கேட்க வேண்டியவன்.

அந்த அம்மா எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டார். "வெயிலு தாழ்ந்து போங்க தம்பி" என்றார்.