வெள்ளை மட்டும் வரவே இல்ல

எங்க வீடு ஒத்தக்கடை பக்கம், மாடில நின்னா யானைமலை முழுசா தெரியும். கொல்லைல அந்திமந்தாரை தானா மொளைச்சு கெடக்கும், யாரும் கண்டுக்கிறதில்ல. அக்கா மக பிளஸ் டூ படிக்கிறா, அவ பாட்டனி புக்குல முழுமையற்ற ஓங்குத்தன்மைன்னு ஒரு பாடம், பாத்தா உதாரணமே நம்ம கொல்லைச் செடிதான்! பட்டாணிச் செடிய வச்சு மெண்டல் போட்ட பரம்பரைக் கணக்க 1900-ல திரும்ப வெளிய கொண்டுவந்த மூணு பேர்ல ஒருத்தரான கார்ல் காரன்ஸ் ஆராய்ச்சி பண்ணின செடியாம். சிவப்பையும் வெள்ளையையும் சேத்தா பூராம் ரோஸ், அந்த ரோஸ் தனக்குத்தானே சேந்தா நாலுல ஒண்ணு சிவப்பு, ரெண்டு ரோஸ், ஒண்ணு வெள்ளை.

அம்மா நம்பல. "சாயத்தொட்டில கலந்தத திரும்ப பிரிக்க முடியுமா, சுங்குடிக்கு சாயம் போடுறவங்கள கேட்டுப் பாருடி"ன்னாங்க. ஆனா இங்க ஜீன் கலக்குறதே இல்ல, சிவப்பு ஜீன் ரெண்டு இருந்தா நெறமி நெறைய, ஒண்ணே ஒண்ணுன்னா கொறைச்சல், அதான் ரோஸ். இதுல ஒரு வசதி, ரோஸ்னா உள்ள ஒண்ணு சிவப்பு ஒண்ணு வெள்ளைன்னு பாத்தாலே தெரிஞ்சிரும், மெண்டலோட நெட்டைப் பட்டாணி மாதிரி ஏமாத்தாது (அதுல நெட்டை ஜீன் ஒண்ணு இருந்தாலும் ரெண்டு இருந்தாலும் செடி நெட்டைதான்).

சரின்னு ரோஸ் செடில எட்டு விதை எடுத்துப் போட்டேன் (ஒரு பூவுக்கு ஒரே விதைதான், மிளகு மாதிரி கருப்பா இருக்கும்). மூணு சிவப்பு, அஞ்சு ரோஸ். வெள்ளை ஒண்ணுகூட இல்ல! அம்மா சிரிச்ச சிரிப்பு இருக்கே.

கணக்கு போட்டுப் பாத்தேன், ஒரு விதை வெள்ளையா வராம இருக்க நாலுல மூணு வாய்ப்பு, எட்டு விதைக்கு அந்த முக்கால எட்டு தடவை பெருக்குனா 0.1 வருது, அதாவது பத்து தடவை இப்படி விதைச்சா ஒரு தடவை வெள்ளையே வராம போகலாம். அப்படின்னு மனச தேத்திக்கிட்டு இருக்கப்பதான் காம்பவுண்டு சுவரு ஓரமா நின்ன சிவப்பு செடி கண்ணுல பட்டுச்சு. சாயங்காலம் விட்டில் பூச்சி அங்கிட்டும் இங்கிட்டும் போகும்ல, ரோஸுக்கு அப்பன் சிவப்பா இருந்தா பாதி சிவப்பு பாதி ரோஸ்தான், வெள்ளைக்கு வழியே கெடையாது. அப்பன் யாருன்னு தெரியாம நான் பாட்டுக்கு அப்பன் ஆத்தா ஜீன எழுதி கட்டம் போட்டுட்டு இருந்திருக்கேன்.

அடுத்த தடவை மூணு மணிக்கே, பூ விரியிறதுக்கு முன்னாடி, மொக்கு மேல பழைய வேட்டித் துணிய பை மாதிரி கட்டி விட்டேன். வாடுறப்ப உள்ள இருக்க நூலெல்லாம் சுருண்டு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிது, மகரந்தம் தானா சேந்துருது. மொளைச்சது 21. ஆறு சிவப்பு, பத்து ரோஸ், அஞ்சு வெள்ளை.

அம்மா ஒண்ணும் சொல்லல, வெள்ளையில ஒண்ண பறிச்சு சாமி படத்துக்கு வச்சாங்க. எதிர் வீட்டுல மஞ்ச அந்திமந்தாரை நிக்குது, அத சேத்தா கட்டம் ரொம்ப பெருசாயிரும், அதனால நான் அந்தப் பக்கமே போகல.