வால்யூம் பெடல் ஸ்வெல் ஒருவழியாகக் கைக்கு வந்தது, காலுக்கும்தான்

ஒலியை அடைத்துவைத்துக் கம்பியை மீட்டி, பிறகு வால்யூம் பெடலைக் காலால் அழுத்தி மெதுவாக எழுப்பும் கிட்டார் உத்திதான் ஸ்வெல். அது வந்துவிட்டது. சி மேஜர் 7 கார்டை (பல சுரங்களின் கூட்டொலி) எழுப்பினால், மீட்டும் பிக் கம்பியில் படும் ‘டிக்’ துளிகூடக் கேட்பதில்லை. ஒலி எங்கே தொடங்கியது என்றே பிடிபடாமல் அறை நிறைகிறது. மெதுவாகப் பரவிச் சூழும் ஆம்பியன்ட் கிட்டாரைக் கேட்டுக் கேட்டு மயங்கியவர்களுக்கு இந்தச் சந்தோஷம் புரியும்.

எல்லாரும் ஒலியைத் திருப்பிச் சொல்லும் டிலே, அறை முழக்கம் தரும் ரிவெர்ப் பற்றியே பேசுகிறார்கள். காசும் அங்கேதான் போகிறது. ஆனால் உள்ளே போகும் சுரம் கூர்மையாகத் தொடங்கினால், எவ்வளவு விலையுள்ள டிலேயும் அந்த ‘டிக்’கையும் விடாமல் திருப்பிச் சொல்லும். விஷயம் வால்யூம் பெடலில்தான் இருக்கிறது.

என்னுடையது செகண்ட் ஹேண்ட். முன்பாதத்தை லேசாக அழுத்தியதுமே ஒலி குபீரென்று எழும்; அப்புறம் முழுக்க அழுத்தினாலும் பெரிதாக ஏறாது. கழற்றிப் பார்த்தால் உள்ளே பி250கே என்று அச்சடித்த பாட், அதாவது ஒலியைக் கூட்டிக் குறைக்கும் சுழல் மின்தடை. 250கே என்பது 250 கிலோ ஓம். பி என்றால் லீனியர், சுற்றும் அளவுக்கு நேர் விகிதத்தில் மாறும். அது பாதி சுற்றும்போதே முழு ஒலியைவிட 6 டெசிபல்தான் குறைவு. மீதிப் பாதிச் சுற்றுக்குக் காதில் ஏறுவதற்கு அதிகம் இல்லை. தேவைப்பட்டது ஏ250கே, அதாவது காதுக்கு ஏற்ப முதலில் மெதுவாக ஏறும் லாக் டேப்பர். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைத்தது. முன்னால் இருக்கும் எழுத்தைப் பார்த்து வாங்குங்கள். தண்டின் தடிமனையும் அளந்துகொண்டு போங்கள். 6 மில்லிமீட்டரும் உண்டு, 6.35-உம் உண்டு. கிட்டாரிலிருந்து நேராக வரும் ஒயருக்குத்தான் 250கே. முன்னால், சிக்னலை வலுவாக்கும் பஃபர் உள்ள பெடல் இருந்தால் 25கே போதும்.

பாட்டின் மூன்று கால்களையும் சாலிடர் செய்து மாட்டியதும் பெடலே வேறு ஆளாகிவிட்டது. அடிமட்டத்தில் கால் நகரும் ஒவ்வொரு துளிக்கும் இப்போது பதில் இருக்கிறது.

இனி பழக்கம். குதிகாலை முழுக்க இறக்கி, கம்பியை மீட்டி, அதற்கப்புறம்தான் முன்பாதம் அசைய வேண்டும். கையும் காலும் ஒன்றாகக் கிளம்பினால் ‘டிக்’ தப்பி வந்துவிடும். ஏற்றத்தைவிட இறக்கம்தான் கஷ்டம். அடுத்த கார்டுக்கு விரல் மாறும் முன் ஒலி பூஜ்யத்துக்கு வந்தாக வேண்டும். இல்லாவிட்டால் விரல் கம்பியில் உரசும் சத்தமும் டிலேக்குள் போய்விடும். அந்த இடைவெளியைத் தாங்குவது டிலேயின் வால், அதாவது அது திருப்பிச் சொல்லி மங்கும் ஒலி. அதனால்தான் வால்யூம் பெடல் டிலேக்கு முன்னால் நிற்க வேண்டும். பின்னால் வைத்தால் வாலையும் சேர்த்து வெட்டிவிடும். நான் 72 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 72 தட்டு) டாட்டட் எய்த், அதாவது முக்கால் தட்டு நேரம் வைத்திருக்கிறேன், 625 மில்லி செகண்ட்.

வால் நீளம் என்பதால் பழைய கார்டு புதியதன் மேல் ஏறி நிற்கும். சி மேஜர் 7, இ மைனர் 7, ஜி ஆகிய மூன்றிலும் இரண்டாவது, மூன்றாவது கம்பிகளைத் திறந்தே விடலாம். பி-யும் ஜி-யும் பொதுச் சுரங்கள். எவ்வளவு கலந்தாலும் இனிமைதான். நடுவே டி மேஜர் போட்டால் மிஞ்சி நிற்கும் ஜி-யோடு எஃப் ஷார்ப் இடிக்கும். அங்கே மட்டும் வால் அடங்கக் காத்திருக்கிறேன்.

கிட்டார் கலைஞர் ராபர்ட் ஃப்ரிப்பும் இசைக் கலைஞர் பிரையன் ஈனோவும் 1973-இல் வெளியிட்ட இசைத்தட்டில் இந்த வாலை இரண்டு டேப் ரெக்கார்டர்களை வைத்தே உண்டாக்கினார்கள். முதல் மெஷினில் பதிவான டேப் அடுத்ததில் ஓடி ஒலிக்கும். அந்த ஒலி மறுபடி முதல் மெஷினுக்கே பதிவாகப் போகும். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம்தான் டிலே நேரம். ஒரு சுரம் மங்கிக்கொண்டே அடுத்ததற்கு இடம் விடும் அழகை அங்கே கேட்க வேண்டும்.

அதேபோல் அடுக்கிப் பார்க்க வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கும் ஒரு லூப்பர் வாங்கும் யோசனை இருக்கிறது. ஈபோ என்ற சிறு கருவி மீதும் கண். காந்தப் புலத்தால் கம்பியை அதிரவைத்துக்கொண்டே இருக்கும் என்பதால் பிக்கே வேண்டாம். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு கம்பிதான், கார்டுக்குக் கால்தான் கதி. ஜி-யிலிருந்து சி மேஜர் 7-க்குத் திரும்பும் இடத்தில் இறக்கம் இன்னும் சீராகவில்லை. அது படிந்ததும் பதிவுசெய்து போடுகிறேன்.